வெள்ளைப் பெட்டிக்கு அங்கிட்டு

பின்னால் உட்கார்ந்து ராஜதுரை எலுமிச்சை சாதத்தை மென்றுகொண்டிருந்தார், அந்தச் சத்தம் எமல்டாவின் பிடரியில் ஊர்ந்தது. மனுஷன் வாயை மூடிக்கொண்டு தின்னக்கூடாதா? கல்லூரியின் நிர்வாக அலுவலர், அறுபது பேரை மேய்க்கிறவர், கேன்டீனில் அவருக்கென்று தனி அறை இருக்கிறது, அதை விட்டுவிட்டு இந்தப் பொந்துக்குள் வந்துதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டுமா? சர்வர் ரூம் என்று பலகை மாட்டியிருக்கிறார்களே தவிர இது பழைய கெமிஸ்ட்ரி ஸ்டோர். எட்டு வருஷமாகியும் சுவரிலிருந்து ஆசிட் வாடை போகவில்லை, ஜன்னலுக்குப் பலகை அடித்தாயிற்று, ஏசி பதினெட்டில் ஓடுகிறது, பாதம் விறைக்கிறது, இப்போது அதோடு எலுமிச்சையும் மசால் வடையும். மணி ஒன்று ஐந்து. இரண்டு மணிக்குள் இரண்டு காரியம் முடிய வேண்டும். ஒன்று, இணையம் அறுந்தால் ரூட்டர் தானாக மாற்று வழிக்குப் போகிறது என்று சோதித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது, டிபன் பாக்ஸ் மூடிக்குப் பக்கத்தில் எண்ணெய் படாமல் அவர் ஒதுக்கி வைத்திருக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டும் தேர்வு நடத்துகிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டரை மணித் தேர்வை இந்தக் கல்லூரியில் நடத்த விடுவார்களாம். கடிதத்தைப் படித்தாயிற்று. நாலு வரி. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஆன்லைன் தேர்வின்போது இணைப்பு முப்பத்தேழு நிமிடம் துண்டிக்கப்பட்டதற்கு ஆய்வக உதவியாளர் ஐயம்பெருமாள் கவனக்குறைவாக வயரில் கை வைத்ததே காரணம், அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார், நெட்வொர்க் பொறுப்பாளர் என்ற முறையில் இதை உறுதிப்படுத்துகிறேன். உறுதிப்படுத்துகிறேனாம். கீழே அவள் பெயர், பெயருக்கு மேலே வெறும் கோடு. அந்தக் கோட்டில் பேனா ஓடினால் ஐயம்பெருமாளுக்கு வேலை போச்சு, ஹாஸ்டல் மெஸ்ஸில் தோசை ஊற்றுகிற அவர் பொஞ்சாதிக்கும் போச்சு, மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஒற்றை அறை வீடும் போச்சு. ஓடாவிட்டால் இவளுக்குப் போச்சு. அவ்வளவுதான் விஷயம், இதில் போட்டு உழப்ப என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டு எமல்டா கீபோர்டை இழுத்தாள்.

கறுப்புத் திரையில் எட்டு மாசத்துக்கு முன்னால் அவள் எழுதிவைத்த வரிகள் அப்படியே இருந்தன. இந்தக் கல்லூரியிலிருந்து வெளியே போக இரண்டு வழி. முதல் வழி ஃபைபர். ஒரு கம்பெனி கோவில்பட்டியிலிருந்து நெடுஞ்சாலை ஓரமாகப் பள்ளம் தோண்டிக் கொண்டுவந்தது, இதே அலமாரியில் ஒரு வெள்ளைப் பெட்டியில் வந்து முடிகிறது, பெட்டியிலிருந்து ஒரு முழ நீல வயர் ரூட்டருக்குப் போகிறது. மாற்று வழி மொட்டை மாடி டிஷ், வேறு கம்பெனி, மெதுவானது, ஆபத்துக்கு உதவும். முதல் வழி உயிரோடு இருக்கிறவரை அதில் போ, அது செத்தால் மாற்று வழியில் போ என்று ரூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஆச்சா? செத்ததா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? அஞ்சு செகண்டுக்கு ஒருதரம் ஒரு விலாசத்தைக் கூப்பிட்டு, இருக்கியா என்று கேட்கச் சொல்ல வேண்டும். இருக்கேன் என்று பதில் வந்தால் உயிரோடு இருக்கிறது. மூன்று தடவை தொடர்ந்து பதில் இல்லையென்றால் செத்ததாக வைத்துக்கொண்டு வழியை மாற்று. சரி, யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? அங்கேதான் எமல்டா கோட்டை விட்டாள். அவள் கொடுத்திருந்தது வெள்ளைப் பெட்டியின் விலாசம். ஒரு முழம் தள்ளி, இதே அலமாரியில், இதே கரண்டில், இதே ஏசிக் காற்றில் உட்கார்ந்திருக்கிற பெட்டி. ஆறு கிலோமீட்டர் தள்ளி ரோடு அகலப்படுத்துகிற பொக்லைன் ஃபைபரை அறுத்துப் போட்டாலும் இது பாட்டுக்கு இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை சொல்லிற்று. முப்பத்தேழு நிமிஷமும் சொல்லிற்று. ரூட்டரும் நம்பிற்று, வழியை மாற்றவே இல்லை. அந்த வரியை எழுதிய அன்றைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இன்றைக்கே முடி என்று தாளாளர் நெருக்கினார், கம்பெனிக்காரன் அந்த ஒரு விலாசத்தைத்தான் எழுதிக் கொடுத்தான், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், இப்படி எத்தனையோ காரணம் இந்த எட்டு நாளாக அடுக்கிப் பார்த்துவிட்டாள். எந்தக் காரணமும் நிற்கவில்லை. பதினோரு வருஷ அனுபவம் இருக்கிறவள் செய்கிற காரியமா இது?

அதற்கும் மேலே அந்தக் குரல். பெட்டி பதில் சொல்லுது மேடம், ஆனா அதுக்கு அங்கிட்டு ஒண்ணும் இல்ல. எந்த வேலையில் இருந்தாலும், பஸ்ஸில் வந்தாலும், அரிசி களைந்தாலும் ஐயம்பெருமாளின் அந்த ஒரு வாக்கியம் வந்து காலில் சிக்கியது. அங்கிட்டு ஒண்ணும் இல்ல. சத்தம் போடாமல், யாரையும் குற்றம் சொல்லாமல், கரண்டு போயிட்டு என்று சொல்கிற மாதிரி சொன்னார். இணைப்பு போன நாலாவது நிமிஷத்தில் சொன்னார். நாலாவது நிமிஷம்! அவருக்கு என்ன தெரியும்? பத்தாவது படித்தவர், கேபிள் டிவியில் போஸ்ட் மரம் ஏறிக்கொண்டிருந்தவர், அந்தத் தொழில் படுத்துவிட்டது என்று இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர், இவளுக்கு ஒரு வயசு மூப்போ என்னவோ, எல்லாரும் அண்ணாச்சி என்கிறார்களே என்று இவளும் அண்ணாச்சி. கேபிள் காலத்துப் பெருமை ஒன்று வைத்திருப்பார், டீ குடிக்கும்போதெல்லாம் எடுத்து விடுவார். லைனில் படம் வரவில்லை என்று போன் வந்தால் மற்றவன் எல்லாம் ஆம்ப்ளிஃபயரில் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, எரியுதே என்று வீட்டுக்குப் போய்விடுவானாம். இவர் மட்டும் சைக்கிளை மிதித்துத் தெருவின் கடைசி வீட்டுக்குப் போய், கதவைத் தட்டி, அம்மா படம் தெரியுதா என்று கேட்பாராம். கடைசி வீட்டில் தெரிந்தால்தான் லைன் சரி என்று அர்த்தமாம். நூறு தடவை கேட்ட கதை. நூறு தடவையும் எமல்டா கொட்டாவியை விழுங்கிக்கொண்டு டீ கிளாஸைக் கீழே வைத்திருக்கிறாள். அந்தக் கதையில் இருந்தது இவள் ரூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய பாடம் என்று அன்றைக்கு ஏன் உறைக்கவில்லை? உறைத்திருந்தால் இன்று இந்த ஆளை இவ்வளவு வெறுக்க வேண்டியிருக்காது. ஆமாம், வெறுப்புதான். வேறு என்ன பெயர் வைப்பது? அவருடைய எண்ணெய் வைத்த தலை, சட்டைப் பையில் டெஸ்டர், வெற்றிலை போடாத பல், எல்லாவற்றின் மேலும் வெறுப்பு. தப்பு செய்தவன் மேல் கோபப்பட்டால் ஒரு நாளில் ஆறிவிடும். சரியாகச் சொன்னவன் மேல் வருகிற கோபம் ஆறுவதே இல்லை.

பழைய வரியை அழித்தாள். அழித்த இடத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டு நின்றது. புது விலாசம் போட வேண்டும், பெட்டிக்கு அங்கிட்டு, கம்பெனியின் எல்லைக்கும் அங்கிட்டு, சென்னையைத் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒன்று. செவ்வாய்க்கிழமை லேப்பில் எண்பத்துநாலு பேர். முதலில் ஒரு கை உயர்ந்தது, அப்புறம் வரிசையாக, மேடம் நிக்குது, மேடம் சுத்துது, மேடம். அறுபத்தொன்றாம் நம்பர் சிஸ்டத்தில் ஒருத்தி, முப்பது வயசுக்கு மேல் இருக்கும், கை உயர்த்தவில்லை, கூப்பிடவில்லை, செத்த திரையில் மவுஸை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தாள். டிக், டிக், டிக். வயசு வரம்பில் இதுதான் கடைசித் தடவை என்று வாசலில் புருஷன்காரன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது எமல்டாவின் காதில் விழுந்திருந்தது. மறுதேர்வு உண்டா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஓடி இந்த அறைக்குள் வந்தால் ரூட்டரில் எல்லா லைட்டும் பச்சை. ரூட்டர் முதல் வழி உயிரோடு இருக்கிறது என்கிறது. எமல்டாவுக்குக் கை வேர்த்தது, பதினெட்டு டிகிரியில் வேர்த்தது. ஐயம்பெருமாள் பின்னாலேயே வந்தார், பெட்டியைக் குனிந்து பார்த்தார், அந்த வாக்கியத்தைச் சொன்னார், சொல்லிவிட்டு நீல வயரில் கையை வைத்தார். இத உருவிட்டா மாறிரும்லா என்றார். மாறியிருக்கும். பெட்டியும் ரூட்டரும் பேசிக்கொள்ள வழியில்லாமல் போயிருக்கும், மூன்று தடவை பதில் வந்திருக்காது, பதினைந்து செகண்டில் டிஷ் வழியாகப் போயிருக்கும். எமல்டா என்ன சொன்னாள்? கைய எடுய்யா என்றாள். பதினோரு வருஷ அண்ணாச்சி அந்த ஒரு நொடியில் எடுய்யா ஆகிவிட்டது. உனக்கு என்ன தெரியும், இருக்கிற ஒண்ணையும் பிடுங்கிப் போடாதே, வெளிய போ, போய் ஜெனரேட்டரைப் பாரு. கரண்டு இருக்கிறபோது ஜெனரேட்டரில் பார்க்க என்ன இருக்கிறது? அவர் கையை எடுத்தார். அவளை ஒரு தரம் பார்த்தார். போய்விட்டார்.

அப்புறம் முப்பத்துமூன்று நிமிஷம். கம்பெனிக்குப் போன், ரூட்டரை அணைத்துப் போடு, மறுபடி அணைத்துப் போடு, கம்பெனிக்குப் போன், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். கடைசியில் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, திருடி மாதிரி, அந்த நீல வயரை அவளே உருவினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினைந்து வரை எண்ணக்கூட வேண்டியிருக்கவில்லை, லேப்பிலிருந்து ஆ என்று ஒரு சத்தம் வந்தது. இது எல்லாம் அந்த மூலையில் இருக்கிற கேமராவில் இருக்கிறது. படம் இருக்கிறது, சத்தம் இல்லை. மறுநாள் தாளாளர் அறையில் போட்டுக் காட்டினார்கள். பெரிய டிவி, தாளாளர், ராஜதுரை, ஏலக்காய் டீ. திரையில் ஐயம்பெருமாள் வயரில் கை வைக்கிறார், எமல்டா கையை நீட்டிக் கத்துகிறாள், அவர் வெளியே போகிறார். பிறகு எமல்டா ஏதோ செய்கிறாள், எல்லாம் சரியாகிறது. பார்க்கிறவனுக்கு வேறு என்ன தோன்றும்? இந்த ஆளு என்ன பண்ணிக்கிட்டு இருந்தான் என்று தாளாளர் கேட்டார். எமல்டா சொன்னாள், வயர்ல கை வச்சிருந்தார் சார். பொய்யா? ஒரு எழுத்துப் பொய் இல்லை. கை வைத்துத்தான் இருந்தார். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. நல்ல வேளை நீங்க இருந்தீங்க என்று தாளாளர் சொன்னபோது எமல்டா தலையாட்டினாள். தலையாட்டினாள்! ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள், முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விலகி வந்துவிட்டாள். பஸ் வர இன்னும் அரைமணி இருந்தது.

அவராவது சொல்லியிருக்கலாம். அதுதான் அவளை அரிக்கிறது. எட்டு நாளாக அந்த மனுஷன் வாட்ச்மேன் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார், காலையில் கையெழுத்து, சாயங்காலம் கையெழுத்து, லேப் பக்கம் வரக்கூடாது. மேடம்தான் எடுக்க விடல என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, ராஜதுரையிடம் சொன்னால் என்ன? வாயில் என்ன கொழுக்கட்டையா? காலையில் கேட்டில் இவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எழுந்து நின்று வணக்கம் மேடம் என்கிறார். வேண்டுமென்றே செய்கிறார். இல்லை, வேண்டுமென்று செய்யவில்லை, அவர் எல்லாருக்கும் எழுந்து நிற்கிறவர். அப்படியானால் இன்னும் மோசம். அவர் வாயைத் திறந்தால் இவள் மறுத்துவிடலாம், சண்டை போட்டுவிடலாம், ஆமாம் என்றுகூடச் சொல்லிவிடலாம். அவர் சும்மா இருந்தே இவளைக் கொல்கிறார். போன் மினுங்குகிற மாதிரி இருந்தது, எடுத்துப் பார்த்தாள், இல்லை. புருஷன் ஜெரால்டு கப்பலில் இருக்கிறான், ஆறு மாசக் காண்ட்ராக்ட், தினமும் மதியம் ஒன்றேகாலுக்கு ஒரு மெசேஜ் போடுவான். சாப்டியா. இவள் ஆச்சு என்பாள். சாப்பிட்ட அன்றைக்கும் ஆச்சு, சாப்பிடாத அன்றைக்கும் ஆச்சு. இந்த எட்டு நாளில் மூன்று நாள் டிபன் பாக்ஸை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் நாய்க்குக் கொட்டினாள், ஆச்சு என்றுதான் போட்டாள். அவனும் ஒரு கட்டை விரலைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். அவனுக்கு அது போதும், பெண்டாட்டி நன்றாக இருக்கிறாள். இன்றைக்கு மணி ஒன்று இருபத்தைந்து ஆகியும் காணோம், கடலில் சிக்னல் இருக்காது. வராததற்கும் எரிச்சலாக வந்தது.

புது விலாசத்தைப் போட்டாள். இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது, புதுசாகச் செய்கிறவன் எல்லாம் விழுகிற கண்ணி. அந்த வெளி விலாசத்தைக் கேட்கிற கேள்வி முதல் வழியில்தான் போக வேண்டும் என்று தனியாக ஒரு வரி எழுதிக் கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வழி செத்ததும் ரூட்டர் மாற்று வழிக்கு வரும், கேள்வியும் மாற்று வழியாக வெளியே போகும், இருக்கேன் என்று பதில் வரும், ஓகோ முதல் வழி பிழைத்துவிட்டது என்று ரூட்டர் திரும்பிப் போகும், போனால் அங்கே ஒன்றும் இருக்காது, பதில் வராது, மறுபடி மாற்று வழிக்கு வரும், பதில் வரும், திரும்பப் போகும், திரும்ப வரும். எட்டு நாளாக ராத்திரியெல்லாம் இவள் மண்டைக்குள் ஓடுவது இதேதான். சொல்லிவிடலாம் என்று ஒரு பக்கம் போவாள், வேலை போய்விடுமே என்று திரும்புவாள், அவருக்கு வேறு வேலை கிடைத்துவிடும் என்று தேறுவாள், நாற்பத்துநாலு வயசில் பத்தாவது படித்தவருக்கு யார் கொடுப்பார்கள் என்று திரும்புவாள், இவளுக்கு மட்டும் யார் கொடுப்பார்கள், இந்தக் கதை வெளியே தெரிந்தால் ஜில்லாவில் ஒரு கல்லூரியும் சேர்க்காது. எங்கேயாவது ஒரு இடத்தில் கட்டிப்போட வேண்டும். தனி வரியை எழுதினாள், இரண்டு தரம் படித்தாள், சேமித்தாள். என்ன மேடம் முடிஞ்சுதா என்று ராஜதுரை வடைக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். டெஸ்ட் பண்ணணும் சார் என்றாள். அவர் செல்போனில் கல்லூரி வைஃபையில் ஒரு செய்திச் சேனலைப் போட்டு மேஜையில் சாய்த்து வைத்தார், இது நிக்காம ஓடுனா பாஸு, நின்னா ஃபெயிலு, நான் சாட்சி என்று சிரித்தார். திரையில் நாலு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

எமல்டாவின் கை நீல வயருக்குத்தான் போனது. எட்டு மாசத்துக்கு முன்னாலும் இதைத்தான் உருவிக் காட்டினாள். பதினைந்து செகண்டில் மாறியது, தாளாளர் கைதட்டினார், எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். நீல வயரை உருவினால் எந்த முட்டாள் அமைப்பும் பாஸாகிவிடும். அழித்துப்போட்ட அந்தப் பழைய வரியும் பாஸாகும், அதுதானே பாஸாகி இந்த வினையெல்லாம் வந்தது. கையை எடுத்தாள். வெள்ளைப் பெட்டியின் முதுகில் தடவி, மஞ்சள் நூல் மாதிரி வருகிற ஃபைபரை விரலால் பிடித்தாள். அன்னைக்கு லட்டு குடுத்தப்ப இந்த நீல வயரைத்தானே எடுத்தீங்க, இப்ப என்ன வேற எதையோ பிடிக்கீங்க என்று ராஜதுரை கேட்டார். ஒன்றும் தெரியாத ஆள், ஆனால் கண் மட்டும் கழுகுக் கண். எமல்டாவுக்குக் காது சுட்டது. இதுதான் சார் சரியான டெஸ்ட் என்றாள். அப்போ அன்னைக்குப் பண்ணது சரியில்லாத டெஸ்ட்டா என்று அவர் விளையாட்டாகக் கேட்டார், கேட்டுவிட்டு ஏப்பம் விட்டார். அவள் ஃபைபரை உருவினாள். பெட்டியில் ஒரு லைட் சிவப்பானது, மற்றதெல்லாம் பச்சையாகவே எரிந்தது, நன்றாக இருக்கேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. செல்போனில் கத்தியவன் வாயைத் திறந்தபடி நின்றுபோனான். அஞ்சு செகண்ட். பத்து. ராஜதுரை முன்னால் குனிந்தார். பன்னிரண்டு, பதிமூன்று. மாறாவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, மாறாமல் போகட்டும், தேர்வு நிற்கட்டும், எல்லாரும் நாசமாய்ப் போகட்டும். வாய் திறந்தவன் விட்ட இடத்திலிருந்து கத்த ஆரம்பித்தான். பாஸு என்றார் ராஜதுரை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு ஐயம்பெருமாள் உள்ளே வந்தார். லேப் சாவியை ஒப்படைக்க ராஜதுரைதான் இரண்டு மணிக்கு முன்னால் வரச் சொல்லியிருந்தாராம். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று வேறு ஒருத்தருக்கும் தெரியாததால் இந்த எட்டு நாளும் கொத்து அவரிடமே கிடந்தது. மடித்துவிட்ட சட்டைக் கை, எண்ணெய்த் தலை, கையில் இருபது சாவி. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல் சுற்றிவைத்திருந்தார், வரிசையாகச் சொல்லி மேஜையில் வைத்தார், பச்சை லேப் ஒண்ணு, சிவப்பு லேப் ரெண்டு, இந்த ரெட்டை நூலு பின் கதவு சார், கொஞ்சம் தூக்கித் திருப்பணும். அப்புறம் எமல்டா பக்கம் திரும்பினார். அவர் கண் அவள் முகத்துக்கு வரவில்லை. அலமாரிக்குப் போனது. தொங்குகிற மஞ்சள் ஃபைபரைப் பார்த்தது, பெட்டியில் ஒற்றைச் சிவப்பைப் பார்த்தது. எல்லாம் புரிந்துவிட்டது என்று எமல்டாவுக்குத் தெரிந்தது, இதோ இப்போது சொல்லப்போகிறார், ராஜதுரை முன்னாலேயே சொல்லப்போகிறார். ஐயம்பெருமாள் சொன்னார்:

"பூட்டுதுக்கு முன்னாடி எண்பத்துநாலாம் நம்பர் சிஸ்டத்தைப் போட்டுப் பாத்துட்டுத்தான் வாறேன் மேடம். நடுவுல கொஞ்சம் நின்னுச்சு, பெறவு ஓடுது."

லேப்பில் கடைசி வரிசை, கடைசி மேஜை. யார் இவரைப் பார்க்கச் சொன்னார்கள்? லேப் பக்கம் வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. வேலை போகப்போகிறது, சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவர், சோதனை நடக்கிறது என்று தெரியாமலேகூட, போகிற போக்கில் கடைசி வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். இவரை என்ன செய்வது? எமல்டாவுக்கு அதற்கும் அவர் மேல் கோபம்தான் வந்தது. ராஜதுரை இது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மணியைப் பார்த்தார், ஒன்று ஐம்பத்திரண்டு, கடிதத்தை மூடிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, இரண்டையும் எமல்டாவுக்கு முன்னால் நகர்த்தினார். ஆளும் இருக்காரு, நல்லதாப் போச்சு, நாளைக்கு முதுகுக்குப் பின்னால பேசுனாங்கன்னு வரக்கூடாது என்றார். அன்னைக்கு வயர்ல கை வச்சது இவர்தானே மேடம் என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆமாம் என்பது பொய்கூட இல்லை. ஐயம்பெருமாள் சாவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராஜதுரை இன்னொரு தரம் கேட்டார், இவர்தானே, கேமராவில பாத்தோம்ல. வாய் தானாக ஆ என்று திறந்தது, எத்தனை வருஷத்துப் பழக்கம், கேட்ட உடனே பதில் சொல்கிற வாய். அவள் பல்லைக் கடித்து அதை மூடினாள். எமல்டா மேடம், உங்களத்தான் கேக்கேன், இவர்தானே என்று ராஜதுரை மூன்றாவது தரம் கேட்டபோது குரல் ஏறியிருந்தது. அவள் பேனாவை எடுத்து மூடியைப் போட்டு மூடினாள்.

"அவரு கை வச்சது சரியான வயர் சார். உருவ விட்டிருந்தா பதினஞ்சு செகண்டுல சரியாகியிருக்கும். உருவ விடாதது நான். லைன் மாறாத மாதிரி ரூட்டர்ல தப்பா எழுதி வச்சதும் நான்தான். வேற லெட்டர் அடிச்சிட்டு வாங்க, இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

சொன்னது சண்டைக்குப் போகிற குரலில்தான் வந்தது, ஏதோ ராஜதுரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிற மாதிரி. அவர் அவளையும் ஐயம்பெருமாளையும் மாறி மாறிப் பார்த்தார். புத்தியோடதான் பேசுதீங்களா, தாளாளர் உங்கள அரைமணி நேரம் வச்சிருக்க மாட்டார், இவருக்காகவா என்றார். இவருக்காக இல்லை என்று எமல்டா சொன்னாள். அது நிஜம், அவரைப் பிடித்துவிடவெல்லாம் இல்லை, இன்னும் அந்த எண்ணெய்த் தலையைப் பார்த்தால் பற்றிக்கொண்டுதான் வந்தது. ராஜதுரை டிபன் பாக்ஸை அடுக்கினார், ஒரு தட்டு மூடாமல் நழுவியது, எடுத்து மறுபடி அடுக்கினார், கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் அவர் தாளாளருக்குப் போன் போடுகிற குரல் கேட்டது. அந்தப் பக்கம் கேட் வரைக்கும் தேர்வுக்கு வந்தவர்கள் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருப்பார்கள். ஐயம்பெருமாள் அலமாரிக்குப் போய், கேட்காமலேயே, தொங்கிய ஃபைபரைத் துடைத்துப் பெட்டியில் சொருகினார், சிவப்பு பச்சையாகிறவரை நின்று பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு லேப்பைத் திறக்கப் போனார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமல்டா அவரை அடித்திருப்பாள்.

மேஜையில் போன் அதிர்ந்தது. கடலில் எங்கேயோ சிக்னல் கிடைத்துவிட்டது போல. சாப்டியா என்று இருந்தது. வழக்கம்போல விரல் போய் ஆ என்று அடித்துவிட்டது. அதை அழித்துவிட்டு, இல்ல என்று அடித்து அனுப்பினாள்.